முன்னுக்குக் கொடுப்பதா, பின்னிலிருந்து பிடுங்குவதா?

மருமகனின் கார் திரும்பவில்லை. ரிமோட்டில் இருக்கிற சக்கரத்தைக் கடைசி வரைக்கும் திருப்பிப் பிடித்துக்கொண்டு அவன் நிற்கிறான். கார் நேராகப் போய், வலைப்பந்துக் கோர்ட்டின் ஓரத்துக் கானுக்குள் மூக்கைக் குத்துகிறது. நாலாவது தடவையும் கானுக்குள் இறங்கி எடுத்து வந்து, பம்பரில் ஒட்டியிருந்த பாசியைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "மாமா, காசு ஒரு சாமானுக்குத்தான் இருக்கு. டயரு வாங்கவா, ஸ்பிரிங் வாங்கவா? கூட்டாளி ஒருத்தன் பின்னுக்கு ஹார்ட் ஸ்பிரிங் போடச் சொல்றான்."

ஒரு சாமானுக்குத்தான் காசு என்பது ஒரு வகையில் நல்லது. கை நிறையக் காசு உள்ளவர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் முழிப்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி முழித்தவன்தான்.

முதலில் காரைப் பற்றி. டமியா டிடி-02, பத்தில் ஒரு பங்கு அளவு டூரிங் கார். 2013இல் வந்த மொடல். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 257 மில்லிமீற்றர். நாலு சக்கரமும் இழுக்கும். நடுவில் ஒரு தண்டு ஓடுகிறது, முன்னும் பின்னும் கியர் டிஃபரென்ஷியல். புதிதாகப் பெட்டியில் வரும்போது ஒயில் இல்லாத உராய்வு ஷொக்தான் இருக்கும். ஆனால் இது கைமாறி வந்த கார். பழைய சொந்தக்காரர் ஒயில் ஷொக், முன்னுக்கு மட்டும் ஹார்ட் ஸ்பிரிங், ஒரு ஸ்டெபிலைசர் பார் எல்லாம் போட்டு, வயிறு தரையிலிருந்து 5 மில்லிமீற்றரில் நிற்கும்படி இறக்கி வைத்திருந்தார். கூடவே ஒரு செட்டிங் தாளையும் மடித்துக் கொடுத்திருந்தார். தாளின் தலையில் எழுதியிருந்தது: கார்பட்.

அங்கேதான் சிரிப்பு. நமக்குக் கார்பட் என்றால் கார்பட் ரோடு. மழைக்குக் கரைந்த தோட்டத்துப் பாதைக்குக் கார்பட் போடச் சொல்லி எத்தனை தேர்தலில் கேட்டிருப்போம்! அந்தத் தாளில் உள்ள கார்பட் அது இல்லை. குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் பெரிய மண்டபத்துக்குள் நிஜமாகவே கம்பளம் விரித்து இந்தக் கார்களை ஓட்டுவார்கள். கம்பளம் மட்டமானது, பிடி மிக அதிகம். அங்கே டயர் வழுக்குவது பெரிய பிரச்சினை இல்லை. பிடி அளவுக்கு மீறி, கார் வளைவில் குப்புறப் புரள்வதுதான் பிரச்சினை. அதனால் முன்பக்கத்தை வேண்டுமென்றே விறைப்பாக்கி, முன்பிடியைக் கொஞ்சம் குறைத்து வைப்பார்கள். அந்த மருந்தைக் கொண்டுவந்து ஹட்டனில், காலை மிசுட்டு இறங்கிய சீமெந்துத் தரையில் கொடுத்தால் கார் கானுக்குள் போகாமல் வேறெங்கே போகும்?

சாமான் வாங்குவதற்கு முன் காசு கேட்காத வேலைகள் சில இருந்தன. முன்சக்கரத்தைக் கையால் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தேன். கடகடவென்று ஆடியது. இந்த மொடலின் ஸ்டியரிங் கைகளில் ஆட்டம் இருப்பது ஊரறிந்த சங்கதி. சக்கரத்தைத் திருப்புகிற சின்ன மோட்டர்தான் சர்வோ. அதன் தலையில் இருக்கும் சர்வோ சேவர் என்ற பிளாஸ்டிக் துண்டும் தளர்ந்திருந்தது. அது சர்வோவின் பல் உடையாமல் காப்பதற்கு இருக்கிறது. ஆனால் தளர்ந்துவிட்டால், சர்வோ 20 பாகை திரும்பும்போது டயர் அதில் கொஞ்சத்தைத்தான் பார்க்கும். கார் திரும்பவில்லை என்று ஷொக்கைக் கழற்றுகிறவர்களில் பாதிப்பேரின் நோய் இங்கேதான் இருக்கும் என்பது என் எண்ணம். ஆணிகளை முறுக்கி, பழைய சேவரைக் கழற்றி என் பெட்டியில் கிடந்த கெட்டியானது ஒன்றைப் போட்டோம்.

அடுத்தது நம்பக் கஷ்டமான ஒன்று. ஸ்டியரிங்கைக் குறைத்தால் கார் கூடுதலாகத் திரும்பும். டயர் ஒரு குறிப்பிட்ட கோணம் வரைக்கும்தான் தரையைக் கடித்துப் பக்கவாட்டில் இழுக்கும். அதைத் தாண்டித் திருப்பினால் உருளாமல் தேய்ந்துகொண்டே வழுக்கும். மருமகன் பதற்றத்தில் முழுவதும் திருப்புகிறவன். ரிமோட்டில் டியுவல் ரேட் என்ற குமிழைக் கொஞ்சம் இறக்கினேன். அவனுக்குக் கோபம் வந்தது. ஆனால் கார் முன்னைவிடச் சின்ன வட்டத்தில் திரும்பியது.

அப்புறம் விளக்குமாறு. தூசியும் சவுக்கு இலையும் கிடக்கிற கோர்ட்டில் எந்த ஸ்பிரிங்கும் பிடிக்காது. வளைவு வருகிற நாலு இடத்தை மட்டும் கூட்டினாலே போதும். அதோடு, கோர்ட்டின் வெள்ளைக் கோடுகள் பெயின்ட். ஈரம் பட்டால் அதன்மேல் பிடி சட்டென்று போய்விடும். வளைவு கோட்டின்மேல் விழாதபடி, பாதையைக் காட்டுகிற கூம்புகளை நகர்த்தி வைத்தோம்.

இவ்வளவும் செய்த பிறகும் கார் தள்ளியது, அதாவது திருப்பினாலும் மூக்கு வளைவுக்கு வெளியே போனது. ஆனால் இப்போது எங்கே தள்ளுகிறது என்று பார்க்க முடிந்தது. இதைப் பார்க்காமல் சாமான் வாங்கக் கூடாது. வளைவுக்குள் நுழைகிறபோது, அதாவது எக்ஸை (எக்ஸலரேட்டரை) விட்டுவிட்டுத் திருப்புகிறபோது மூக்குத் திரும்பவில்லையா? வளைவின் நடுவில், காரின் சாய்வு அடங்கி ஒரே சீராகச் சுற்றுகிறபோது வெளியே வழிகிறதா? இல்லை, எக்ஸைக் கொடுத்து வெளியேறுகிறபோது விரிந்துகொண்டு போகிறதா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. இந்தக் கார் நுழைகிறபோது ஓரளவு திரும்பியது, நடுவில்தான் வழிந்தது. வலைப்பந்துக் கோர்ட் 30.5 மீற்றர் நீளம், 15.25 மீற்றர் அகலம். அதற்குள் போடுகிற பாதையில் நேர்ப்பாதை என்று சொல்ல ஒன்றும் இல்லை, வளைவின் நடுதான் பெரும்பகுதி. அங்கே வழிந்தால் ஓட்டுவதே வெறுத்துப்போகும்.

சரி, இனி கேள்விக்கு வருவோம். நடுவளைவில் முன்பக்கம் தள்ளினால் இரண்டு வழி உண்டு. முன்பக்கத்தை மெதுவாக்கி அதற்குப் பிடி கொடுக்கலாம். அல்லது பின்பக்கத்தை விறைப்பாக்கி அதன் பிடியைப் பிடுங்கலாம். பின் கொஞ்சம் வழுக்கினால் மூக்கு உள்ளே திரும்பிவிடும். கூட்டாளி சொன்னது இரண்டாவது வழி. அது பிழையான யோசனை இல்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

வளைவில் காரின் பாரம் உள்சக்கரங்களிலிருந்து வெளிச்சக்கரங்களுக்கு மாறுகிறது. மொத்தம் எவ்வளவு மாறும் என்பதை ஸ்பிரிங் தீர்மானிப்பதில்லை. காரின் பாரம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, சக்கரங்கள் எவ்வளவு அகன்று நிற்கின்றன, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம் என்பவைதான் தீர்மானிக்கின்றன. அந்த மொத்தத்தில் முன் அச்சுக்கு எவ்வளவு, பின் அச்சுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பதுதான் ஸ்பிரிங்கின் வேலை. கொழுந்துச் சாக்கைக் கம்பில் கோத்து இரண்டு பேர் தூக்கும்போது, விறைத்து நிற்கிறவன் தோளில்தானே பாரம் கூடுதலாக இறங்கும்? அது மாதிரி. எந்த அச்சு விறைப்போ அங்கே வெளிச்சக்கரத்தின்மேல் கூடுதல் பாரம் ஏறும், உள்சக்கரம் லேசாகும். டயருக்கு ஒரு குணம் இருக்கிறது: பாரம் இரண்டு மடங்கானால் பிடி இரண்டு மடங்காவதில்லை, அதைவிடக் குறைவாகத்தான் கூடும். ஆகவே, ஒரு பக்கம் ஏற்றி மறுபக்கம் இறக்கிய அச்சில் இரண்டு டயரின் பிடியையும் கூட்டிப் பார்த்தால் நட்டம்தான். முன்பக்கம் விறைப்பாக இருந்தால் அந்த நட்டம் முன்னுக்கு, பின்பக்கம் விறைப்பாக இருந்தால் பின்னுக்கு.

இந்தக் கணக்கின்படி முன்னை மெதுவாக்குவதும் பின்னை விறைப்பாக்குவதும் ஒரே விளைவைத்தான் தர வேண்டும். இரண்டிலும் பங்கு பின்னுக்குப் போகிறது. கம்பளம் மாதிரி மட்டமான தரையில் கிட்டத்தட்ட அப்படித்தான் நடக்கும். பின் விறைத்த கார் அங்கே சுறுசுறுப்பாகவும் இருக்கும், முன் மெதுவான கார் சோம்பலாகத் தெரியும்.

நம்முடைய தரையில் கணக்கு மாறுகிறது. இந்தக் கோர்ட் நாலைந்து தடவை ஒட்டுப்போட்டது. சீமெந்துப் பலகைகளுக்கு இடையே வெடிப்பு. ஒரு மூலையில் சல்லி எழும்பி நிற்கிறது. விறைத்த பின்சக்கரம் இந்த வெடிப்பில் தரையோடு இறங்கி ஏறாது, துள்ளும். துள்ளுகிற கணத்தில் பிடி பூச்சியம். கார் முன்னறிவிப்பே இல்லாமல் சட்டென்று வாலடிக்கும். முன்னை மெதுவாக்கினாலோ பின்பக்கம் வெடிப்பை விழுங்குகிற விதம் அப்படியே இருக்கும், முன்பக்கம் இன்னும் நன்றாக விழுங்கும். பிடி போகிறபோதும் மெல்ல மெல்லத்தான் போகும். கை உணர்ந்து திருத்த நேரம் கிடைக்கும்.

நான் சொன்னால் கேட்கிற வயசா? கூட்டாளி தன்னுடைய ஹார்ட் ஸ்பிரிங் இரண்டை இரவல் கொடுத்தான். ஒரு சனிக்கிழமை மத்தியானம், வெயில் சுள்ளென்று அடித்துத் தரை காய்ந்து சூடேறிய நேரத்தில், அதைப் பின்னுக்குப் போட்டு ஓட்டினார்கள். உண்மையைச் சொன்னால் கார் அருமையாகத் திரும்பியது. எனக்கே ஓட்டிப் பார்க்க ஆசை வந்தது. மருமகன் என்னைப் பார்த்த பார்வையில், மாமாவுக்கு வயசாகிவிட்டது என்பது எழுதியிருந்தது. மறுநாள் காலை ஏழரை மணிக்கு அதே கார், அதே செட்டிங். மிசுட்டு இன்னும் விலகவில்லை, தரையில் கண்ணுக்குத் தெரியாத ஈரம். முதல் வளைவிலேயே கார் பம்பரமாகச் சுற்றியது. இரண்டாவது வளைவில் வெள்ளைக் கோட்டைத் தொட்டுப் பின்னோக்கிப் போய்க் கானுக்குள் விழுந்தது. மூக்கு முதலில் போகாமல் வால் முதலில் போனது ஒன்றுதான் வித்தியாசம்.

பிடுங்குகிற வழியின் குறை இதுதான். பிடி மிச்சமாக இருக்கிற நாளில்தான் பிடுங்கலாம். இல்லாத நாளில் பிடுங்கினால் கார் கைக்குள் நிற்காது.

ஆக, முன்னுக்குக் கொடுப்பது என்று முடிவானது. அதற்குள்ளும் தெரிவுகள் உண்டு.

காசில்லாதது முதலில்: முன் ஸ்டெபிலைசர் பார். இது வான், பஸ்ஸில் இருப்பதேதான், மெல்லிய கம்பி. இரண்டு முன்சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கினால் அது தலையிடாது. ஒன்று ஏறி மற்றது இறங்கினால், அதாவது கார் சாய்ந்தால், முறுகி எதிர்க்கும். மட்டமான தரையில் நல்ல சாமான். வெடித்த தரையில், இடது சக்கரம் வாங்கின அடியில் ஒரு பங்கை வலது சக்கரத்துக்கும் கொண்டுபோய்க் கொடுக்கும். கழற்றி எடுத்தோம். பத்து நிமிட வேலை. நடுவளைவில் வழிவது கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. கழற்றிய பாரை எறிய வேண்டாம் என்று சொல்லி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

இனி வாங்குகிற சாமான். டயரா, ஸ்பிரிங்கா என்பதுதான் அவனுடைய முதல் கேள்வி, அதுவே நல்ல கேள்வியும்கூட.

டயர்தான் தரையைத் தொடுகிற ஒரே பொருள், அதனால் டயரை முதலில் மாற்று என்று எல்லோரும் சொல்வார்கள். பொதுவாக அது சரி. ரப்பர் டயர்களில் 24, 28, 32, 36 என்று எண் போட்டு விற்கிறார்களே, பொதுவில் எண் குறையக் குறைய ரப்பர் மெது, குளிர்ந்த தரைக்கு ஏற்றது. கொழும்பின் வெயிலில் 36 ஓட்டுகிறவர் நுவரெலியாவுக்கு அதைக் கொண்டுவந்தால், அது பிளாஸ்டிக் வளையல் மாதிரி உருண்டுகொண்டு போகும். ஆனால் மருமகனின் பிரச்சினைக்கு டயர் நேரான பதில் இல்லை. நாலு டயரையும் மாற்றினால் முன்னும் பின்னும் சேர்ந்தே பிடி கூடும். கார் இன்னும் வேகமாக வளைவுக்குள் போகும். போய், அந்த வேகத்தில் அதே மாதிரி முன்னால் தள்ளும். மொத்தப் பிடி வேறு, முன்பின் சமநிலை வேறு. டயர் முதலாவதைக் கூட்டுகிறது, இரண்டாவதை அப்படியே விட்டுவிடுகிறது. முன்னுக்கு மட்டும் மெதுவான டயர் போடலாமே என்றால், அது பின்னிலிருந்து பிடுங்குவதன் தம்பி. ஈரத் தரையில் அதே பம்பரம்தான். இன்னொன்று, சொரசொரப்பான சீமெந்து மெதுவான ரப்பரைத் தின்றுவிடும். மாதக் கடைசியில் மறுபடியும் காசு.

ஒரு விதிவிலக்கு: டயர் கிழடாகி இறுகிப்போயிருந்தால் மறுபேச்சே வேண்டாம், டயர்தான். கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். அழுந்தித் திரும்பி வந்தால் உயிர் இருக்கிறது. கண்ணாடி மாதிரி மினுங்கி, நகம் பதியாமல் வழுக்கினால் அதை வைத்துக்கொண்டு ஷொக்கைத் தொடுவது வீண்வேலை. மருமகனின் டயர் பாதி தேய்ந்திருந்தது, ஆனால் நகம் பதிந்தது.

மெதுவான முன் ஸ்பிரிங் நேராகப் பங்கு பிரிப்பில் கைவைக்கிறது. நடுவளைவில் கார் சாய்ந்து அடங்கி நிற்கும்போது வேலை செய்கிறது ஸ்பிரிங்கும் பாரும்தான். அதற்கு விலையும் உண்டு. மூக்குச் சோம்பலாகும், இடம் வலம் என்று மாற்றி மாற்றித் திருப்பினால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். அதோடு 5 மில்லிமீற்றர் உயரத்தில் மெதுவான ஸ்பிரிங் போட்டால் வயிறு தரையில் இடிக்கும். இடித்த கணத்தில் பாரம் டயரைவிட்டு வயிற்றுக்குப் போய்விடும், பிடி போச்சு. உயரத்தைக் கூட்டியே ஆக வேண்டும். நாங்கள் 6.5 வரை ஏற்றினோம். வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: ஸ்பிரிங்கின் நிறத்தை நம்பாதீர்கள். ஒரு கம்பனியின் சிவப்பும் இன்னொரு கம்பனியின் சிவப்பும் ஒன்றில்லை. இரண்டையும் பக்கத்தில் நிறுத்தி விரலால் அமுக்கிப் பார்ப்பதே மேல்.

ஒயில் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையில் இருக்கிறவர்கள் ஏமாறுகிற இடம் அது. ஷொக்குக்குள் இருக்கும் ஒயில், ஷொக் அசைகிறபோது மட்டும்தான் வேலை செய்யும். கார் சாய்ந்து முடித்து அப்படியே நிற்கும்போது ஒயில் சும்மா இருக்கிறது. ஆகவே நடுவளைவில் வழிகிற காருக்கு ஒயில் மாற்றுவது, தலைவலிக்குக் காலில் தைலம் தேய்ப்பது போல. ஆனால் வளைவுக்குள் நுழைகிறபோதும், வெடிப்பின்மேல் ஏறுகிறபோதும் ஒயில்தான் ராஜா. அந்த ராஜாவைக் குளிர் மாற்றிவிடும். சிலிக்கன் ஒயில் போத்தலில் 350 என்று போட்டிருப்பது 25 பாகை செல்சியஸில் உள்ள தடிப்பு. காலை 10 பாகையில் அதே ஒயில் கிட்டத்தட்ட 480 மாதிரி நடந்துகொள்ளும். மூன்றிலொரு பங்குக்கு மேல் தடித்துவிடுகிறது. சனிக்கிழமை மத்தியானம் சரியாக இருந்த கார் ஞாயிறு காலை மரக்கட்டையாக நிற்பதில் ஈரத்துக்கு ஒரு பங்கு என்றால் இதற்கும் ஒரு பங்கு. பழைய சொந்தக்காரர் முன்னுக்கு 500 ஊற்றியிருந்தார். காலைக் குளிரில் அது என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். மெதுவான ஸ்பிரிங் போட்டால் ஒயிலும் மெல்லியதாக வேண்டும். இல்லையென்றால் அமுங்கின ஸ்பிரிங் ஒயிலோடு மல்லுக்கட்டித் திரும்பி வருவதற்குள் அடுத்த வெடிப்பு வந்துவிடும். என் லாச்சியில் பாதிப் போத்தல் 350 கிடந்தது, அதை முன்னுக்கு ஊற்றினோம். ஊற்றும்போது காற்றுக் குமிழி இல்லாமல், பிஸ்டனை மெல்ல மேலும் கீழும் அசைத்து, கொஞ்ச நேரம் வைத்துவிட்டு மூட வேண்டும். குமிழி இருந்தால் நீங்கள் ஊற்றியது ஒயில் இல்லை, சோடா.

கெம்பர், அதாவது சக்கரம் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து நிற்பது, ஒன்றிலிருந்து இரண்டு பாகை வரை முன்னுக்கு நல்லது. கார் வெளியே சாயும்போது வெளி டயர் தரையில் சப்பையாகப் படும். ஆனால் இந்த மொடலில் சக்கரத்தை மேலே பிடித்திருக்கிற, பெட்டியோடு வருகிற மேல் கை நீளம் மாற்ற முடியாதது. முறுக்கி மாற்றுகிற கை தனியாக வாங்க வேண்டும். ஒரே சாமானுக்குக் காசு இருக்கிறவன் அதை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. டயரின் உள் ஓரம், நடு, வெளி ஓரம் மூன்றும் ஒரே மாதிரித் தேய்கிறதா என்று பார்த்தேன். வெளி ஓரம் கொஞ்சம்தான் கூடத் தேய்ந்திருந்தது. அது பொறுக்கலாம். முன்சக்கரங்களை ஒரு பாகைக்குள் வெளிப்பக்கம் விரித்து வைக்கிற டோ-அவுட், நுழைவுக்கு உதவும், நடுவுக்கு அவ்வளவு இல்லை. ரோல் சென்டர், கேஸ்டர் என்று இன்னும் நுணுக்கமான செட்டிங் எல்லாம் இந்தக் காரில், இந்தத் தரையில், இந்தக் காசில் பேச்சுக்கே எடுக்க வேண்டாம்.

ஆகவே மெதுவான முன் ஸ்பிரிங். வாங்கிப் போட்டான். பின்னுக்கு இருந்ததை இருந்தபடியே விட்டோம்.

இதே பதில் எல்லோருக்கும் பொருந்தாது. ஆடி, ஆவணியில் ஹட்டன், டிக்கோயாப் பக்கம் தென்மேல் மழையில் ஊறிக்கிடக்கும்போது பண்டாரவளை, பதுளைப் பக்கம் காற்றும் வெயிலுமாகக் காய்ந்து கிடக்கும். ஊவாவின் தேயிலைக்குப் பேர் வாங்கிக் கொடுக்கிற அதே காய்ச்சல் தரையையும் காயவைக்கிறது. அங்கே நல்ல மட்டமான தார்த்தரை கிடைத்தவர்கள் கூட்டாளியின் யோசனையைத் தாராளமாகப் பின்பற்றலாம்: பின்னுக்கு ஒரு படி விறைப்பான ஸ்பிரிங், கார் கத்தி மாதிரித் திரும்பும். நுவரெலியா 1868 மீற்றரில் இருக்கிறது. அங்கே நான் பின்பக்கத்தைத் தொடவே மாட்டேன். முதல் காசு மெதுவான டயருக்கு, இரண்டாவது முன் ஸ்பிரிங்குக்கு. அந்த உயரத்தில் காற்று கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு மெலிசு. எரிபொருள் எஞ்சின் பூட்டிய கார்க்காரர்கள் அதனால் கலவையைத் திருத்த வேண்டியிருக்கும், நம்முடைய மின்மோட்டருக்கு அந்தத் தொல்லை இல்லை. சித்திரை சீசனில் மகாகஸ்தோட்ட, ரதல்ல மலையேற்றப் பந்தயங்களைப் பார்க்கப் போகிறவர்கள், பெரிய கார்கள் முதல் வளைவில் எப்படி மூக்கைச் சாய்க்கின்றன என்று பார்த்தால் நான் மேலே சொன்னது கண்ணுக்கே தெரியும்.

புது ஸ்பிரிங் போட்ட அடுத்த ஞாயிறு, ஏழரை மணி, அதே மிசுட்டு. கார் நடுவளைவில் கோட்டைப் பிடித்துக்கொண்டு சுற்றியது. வெள்ளைக் கோட்டில் ஏறியபோது பின்பக்கம் ஒரு சாண் நகர்ந்தது, அவன் திருத்தினான், கார் திரும்பி வந்தது. பத்து நிமிடம் கழித்துப் புதிய முறைப்பாடு: "மாமா, இப்ப வெளிய வரும்போது விரியுது."

அது எதிர்பார்த்ததுதான். முன் மெதுவானதால், எக்ஸைக் கொடுத்தவுடன் மூக்கு மேலே எழும்புகிறது. பாரம் பின்னுக்குப் போய்விட, முன்டயர் லேசாகி வழிகிறது. இதற்கு மருந்து தொங்கல். லயத்துத் தொங்கல் காம்பிரா இல்லை. காரைத் தூக்கினால் சக்கரம் எவ்வளவு கீழே தொங்குகிறது என்பது. முன்தொங்கலைக் குறைத்தால் மூக்கு எழும்ப இடமில்லை, வெளியேறும்போது முன்டயர் தரையில் நிற்கும். பின்தொங்கலைக் கூட்டினால் எக்ஸை விடும்போது வால் எழும்பிப் பாரம் முன்னுக்கு வரும், நுழைவு கூர்மையாகும். அது நமக்கு இப்போது தேவையில்லை. முன் ஷொக்கைத் திறந்து, பிஸ்டனுக்குக் கீழே தண்டில் ஒரு சின்ன வளையம் போட்டால் ஷொக் முழுவதும் நீளாது. கடை வளையத்துக்குக் காசில்லை. என் மோட்டார் சைக்கிளின் பழைய பெட்ரோல் குழாயில் 2 மில்லிமீற்றர் துண்டு இரண்டு வெட்டினோம். ஒன்று கோணலாகப் போய்விட்டது, அதை எறிந்துவிட்டு இன்னொன்று வெட்டினான், இந்த முறை பிளேடை நேராகப் பிடித்து.